அறுபத்திரண்டாம் புத்தகத்துக்கு இன்னொரு முடிவு

ரசிகர் மாநாடு என்றதும் கொடி, மேடை, மைக்கில் தொண்டை கிழியக் கத்துகிற தலைவர் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது சித்திரக்கதை படிக்கிறவர்கள் கூடுகிற மாநாடு. வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று நாள், ஒரு பெரிய கண்காட்சிக் கூடத்தில் நடக்கும். நாற்பது வயது ஆசாமி அட்டையில் செய்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கழிவறை வரிசையில் நிற்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். என் மனைவிக்கு இதெல்லாம் கிறுக்குத்தனம். "வயசு ஏற ஏற உங்களுக்குப் புத்தி இறங்குது" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். சொல்லிக்கொண்டே என் பையில் துவைத்த சட்டையையும் மடித்து வைப்பாள்.

நான் எழுத உட்கார்ந்தது மாநாட்டைப் பற்றி அல்ல, குழாயக்காவைப் பற்றி. மாநாட்டைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது, அதனால்தான் இவ்வளவு முன்னுரை.

குழாயக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. தண்ணீர் விநியோக அலுவலகத்தில் வரைவாளர். ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எங்கே வால்வு இருக்கிறது என்று வரைபடமாக வைத்திருக்கும் பிரிவில் இருபத்து நான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது மாடி, கடைசி அறை. சுவர் நெடுக அகலமான இரும்பு இழுப்பறைகள். ஒன்றை முழுசாக இழுத்தால் எதிர் மேசைக்காரர் எழுந்து வழிவிட வேண்டும். இப்போது எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. ஆனாலும் எங்காவது சாலையைத் தோண்டுகிறவர்கள் முதலில் கூப்பிடுவது அக்காவைத்தான். ஒரு முறை புதிதாக வந்த இன்ஜினீயர், ஒரு ரொட்டிக்கடை வாசலில் வால்வே கிடையாது, கணினியில் காட்டவில்லை என்று ஒரே சாதிப்பாகச் சாதித்திருக்கிறார். "படிக்கட்டுக்கு அடியில பாருங்க சார், இடது பக்கம்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார். படிக்கட்டை உடைத்தார்கள், இருந்தது. மறுநாள் இன்ஜினீயர் நேரில் வந்து நன்றி சொன்னபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைக்காரருக்குப் படிக்கட்டைத் திரும்பக் கட்டிக் குடுத்தீங்களா?"

அதுதான் குழாயக்கா. உடைத்தால் கட்டிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அதில் இரண்டாவது பேச்சு கிடையாது.

நாங்கள் நான்கு பேர். அக்கா, நான், பல் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா, கப்பலில் சமையல்காரராக இருக்கும் அண்ணன். அண்ணனுக்கு எங்களிடம் பெயர் 'கப்பல்'. எனக்கு மருந்துக்கடை, ஆகவே நான் 'மாத்திரை'. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாநாட்டில், ஓவியரிடம் கையெழுத்து வாங்கும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பழக்கமானோம். நால்வரையும் சேர்த்துக் கட்டிய கயிறு 'வான்தபால்' என்ற சித்திரக்கதை வரிசை. கிரகம் விட்டுக் கிரகம் கடிதம் கொண்டுபோகும் ஒரு தபால்காரியின் கதை. முதல் புத்தகத்திலேயே அவள் பையில் முகவரி இல்லாத ஒரு கடிதம் வந்து சேரும். பத்தொன்பது வருஷம், அறுபத்திரண்டு புத்தகம், அந்தக் கடிதம் பையிலேயே இருந்தது. அது யாருக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் பத்தொன்பது வருஷமாக நரைத்தோம்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. புதுப் புத்தகம் வந்தால், நாலு பேரும் படித்து முடிக்கும் வரை யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. படித்து முடித்தவர் எங்கள் போன் குழுவில் ஒரே ஒரு புள்ளி வைப்பார். நாலு புள்ளி விழுந்த பிறகுதான் பேச்சு. கப்பல் அண்ணன் எந்தக் கடலில் இருக்கிறாரோ, அடுத்த துறைமுகம் எப்போதோ, அதற்கேற்ப நாலாவது புள்ளி வரும். ஒரு தடவை ஐந்து மாசம் மூன்று புள்ளியோடு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை எடுத்துத் தருவதற்குள் "இதெல்லாம் எதுக்கு, நடங்க, தானா சரியாப் போகும்" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறவன். அந்த ஐந்து மாசத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுபத்திரண்டாம் புத்தகம் வந்தது. அதுதான் கடைசி. மூன்று புள்ளி இரண்டே நாளில் விழுந்தது. அண்ணனுடைய பிரதி அவர் அடுத்து இறங்கப்போகும் துறைமுகத்துக்குத் தபாலில் போயிருந்தது. அவர் நடுக்கடலில்.

பதினோராம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, கடைசிப் பக்கம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"விதி இருக்கே தம்பி."

"அவரு நடுக்கடல்ல இருக்காரு. கடலுக்குக் காதா இருக்கு? ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, போதும்."

அக்கா தயங்கினார். நான் விடவில்லை. மதிய இடைவேளையில் அவர் எட்டு வரி எழுதினார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து ஏதோ தெருவின் வரைபடம் உடனே வேண்டும் என்று நின்றிருக்கிறார். அவசரத்தில் எனக்கு அனுப்ப வேண்டியதை நாலு பேர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். நாலு நிமிஷத்தில் கவனித்து, டாக்டரம்மாவும் நானும் படிப்பதற்குள் அழித்தார். ஆனால் கப்பல் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, அன்றைக்கே கரை தொட்டிருந்தது. அண்ணன் புத்தகத்தை வாங்கத் துறைமுக ஏஜெண்ட் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் போனில் சிக்னல் வந்து முதலில் விழுந்த செய்தியே அதுதான். அந்தக் கடிதம் தபால்காரி சின்ன வயசில் தனக்குத்தானே எழுதியது என்ற பத்தொன்பது வருஷத்து ரகசியம், நடைபாதையில் வைத்து அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"பார்த்துட்டேன். நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு அவர் குழுவை விட்டு வெளியேறினார். புத்தகத்தை வாங்கிக்கொண்டார், ஆனால் பிரிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

விட்ட அம்பும் சொன்ன சொல்லும் திரும்பாது என்பார்கள். அக்கா துறைமுக முகவரிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. போன் செய்தார். எடுக்கவில்லை. அடுத்த வருஷ மாநாட்டுக்கு அண்ணன் வரவும் இல்லை. டாக்டரம்மா என் எதிரிலேயே அக்காவைப் பிடித்து உலுக்கினார். "எப்படிக்கா? பதினோரு நாள் பொறுத்தவங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியலையா?"

"என் தப்புதாங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் என் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்திருந்தேன். வாயாடி என்று பெயரெடுத்தவன் அன்றைக்குக் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தேன். இதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம்தான் அக்காவின் வீட்டுக்காரர் என் கடைக்குக் கண் சொட்டு மருந்து வாங்க வந்தார். அவர் ஒரு வங்கியில் காவலாளி. "கண்ணுக்கு என்ன?" என்று கேட்டேன். "எனக்கு இல்லை, அவளுக்கு. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஏழு மணி வரைக்கும் வரையறா. என்னை நிக்க வெச்சு வரையறா" என்றார். நிற்பது அவருக்கு உத்தியோகம், அதனால் அலுத்துக்கொள்ளவில்லை.

மருந்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. உள்ளறைச் சுவர் தெரியவில்லை, அத்தனையும் காகிதம். அலுவலகத்தில் கழித்துப் போட்ட வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் கைகள் வரைந்திருந்தார். விரித்த கை, மூடிய கை, எதையோ பிடித்த கை. நூற்றுக்கணக்கில் இருக்கும். முதலில் வரைந்தவை எல்லாம் மண்வெட்டி மாதிரி இருந்தன. கதவுப் பக்கம் வர வர விரல்களுக்கு எலும்பு வந்திருந்தது.

"மூணு மாசமா கை மட்டும்தான் தம்பி. கை வரலைன்னா தபால்காரியை எப்படி வரையறது? கடிதத்தைக் குடுக்கிறதே கைதானே" என்றார்.

விஷயம் இதுதான். அறுபத்திரண்டாம் புத்தகத்தை அக்கா தானே மறுபடி எழுதி வரைகிறார். வேறு கதை, வேறு முடிவு, நாற்பத்தெட்டுப் பக்கம், ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு வாசகருக்கு. இருபத்து நான்கு வருஷம் நேர்கோடு போட்டவர். மனித முகம் ஒன்றைக்கூட அதுவரை வரைந்ததில்லை.

"இதெல்லாம் நடக்கிற காரியமாக்கா? அண்ணன் இதைத் தொடுவாருன்னு என்ன நிச்சயம்?" என்றேன். எனக்கு மனசு இளகிவிட்டது. அப்படி இளகினால் நான் எரிந்து விழுவது வழக்கம்.

"தெரிஞ்சதைத் தெரியாததா ஆக்க முடியாது. ஆனா இன்னும் தெரியாத ஒண்ணைக் குடுக்கலாம் இல்லையா?" என்றார். பிறகு, "உங்ககிட்டயும் காட்ட மாட்டேன். டாக்டரம்மாகிட்டயும் காட்ட மாட்டேன். அவருதான் முதல்ல படிக்கணும்" என்று சொல்லி உள்ளறைக் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்காரருக்கே கதை தெரியாது. "ஒரு நாள் ஓடுற மாதிரி நிக்கச் சொன்னா. ஒரு நாள் அழச் சொன்னா. எதுக்குன்னு கேட்டா, 'அது உங்களுக்கு எதுக்கு, அழுங்க'ங்கறா" என்று வாசல் வரை வந்து சொன்னார். இப்படி ஒரு மனுஷர் கிடைப்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இந்த வருஷ மாநாட்டின் முதல் நாளே அண்ணனைப் பார்த்துவிட்டோம். கூட்டத்தில் எங்கள் பக்கமாக வந்தவர் எங்களைக் கண்டதும் வேறு வரிசைக்குள் திரும்பிவிட்டார். டாக்டரம்மா மட்டும் இரண்டாம் நாள் ஓடிப்போய்ப் பிடித்து நாலு வார்த்தை பேசினார். மூன்றாம் நாள் மாநாடு முடிந்து மறுநாள் காலை அவர் கப்பல் ஏறுகிறார், ஒன்பது மாச ஒப்பந்தம் என்று தெரிந்தது. ஆக, கடைசி நாள் ஐந்து மணிக்குக் கூடத்தின் கதவைச் சாத்துவதற்குள் அக்கா அந்தப் புத்தகத்தை அவர் கையில் சேர்த்தாக வேண்டும்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு, சரக்கு இறக்கும் பின்வாசலை ஒட்டியிருக்கும் குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் கூடுவது எங்கள் வழக்கம். இடத்தைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் தேர்ந்தெடுத்தவர் அக்காதான். "தண்ணி இருக்கிற இடத்துக்கு எல்லாரும் ஒரு தடவையாவது வந்துதான் ஆகணும்" என்பது அவர் சொன்ன காரணம். இந்தத் தடவை அவர் மூன்று மணிக்கு வரவில்லை; காலை கதவு திறந்த நிமிஷத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். மேடையில் ஓவியர் பேசினார், அக்கா போகவில்லை. வேஷப் போட்டி நடந்தது, போகவில்லை. மடியில் பழுப்புக் காகிதம் சுற்றிய கட்டு. பதிப்பகம் எப்படிச் சுற்றி அனுப்புமோ அதே மாதிரி, மூலையை அதே மடிப்பில் மடித்திருந்தார்.

மூன்றரை ஆயிற்று. கடைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஒட்டுநாடாவை இழுக்கும் சத்தம் எல்லாப் பக்கமும் கிழிந்தது. தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டு இரண்டு பேர் எங்களை நோக்கி வந்தார்கள். டாக்டரம்மா, "நான் போய் இழுத்துட்டு வரேன்" என்று எழுந்தார். "வேண்டாங்க. இழுத்துட்டு வந்தா நான் குடுக்க முடியாது" என்றார் அக்கா. நாலு மணி. ஒன்பது மாசம் கழித்து, அல்லது அதற்கும் பிறகு, இந்தப் பெண்மணி மறுபடியும் இதே கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

நாலு பத்துக்கு அண்ணன் வந்தார். கையில் காலிப் போத்தல். நல்ல ஆகிருதி; முன்கை இரண்டிலும் எண்ணெய் தெறித்த பழைய வடுக்கள். எங்களைப் பார்த்தார். திரும்பிப் போயிருக்கலாம், ஆனால் தாகம் யாருக்காகவும் காத்திருக்காது. வந்து குழாயைத் திறந்தார்.

அக்கா எழுந்து நின்றார். "அண்ணே, நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலை. இதை மட்டும் வாங்கிக்குங்க."

"என்னது?"

"அறுபத்திரண்டு. ஆனா நீங்க வாங்கினது இல்லை. இது வேற. இதோட முடிவு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இவங்க ரெண்டு பேருக்கும்கூடத் தெரியாது."

அண்ணன் கட்டைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. "வேண்டாம்மா. அதெல்லாம் போகட்டும். முடிஞ்சு போன கதை" என்றார். போத்தல் நிரம்பி வழிந்தது. மூடியைத் திருகினார். கிளம்பப் போகிறார்.

அக்கா கட்டை நீட்டியபடியே நின்றார். வற்புறுத்தவில்லை. அவர் முகத்தில் அழுகைகூட இல்லை; அதுதான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "அக்கா சும்மா இருந்தாங்க. நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். விதி இருக்குன்னு சொன்னாங்க. கடலுக்குக் காதா இருக்குன்னு நான்தான் கிண்டல் பண்ணி எழுத வெச்சேன். எனக்கு அனுப்ப வேண்டியது உங்களுக்கு வந்துடுச்சு. முதல்ல விதியை மீறினது நான்."

டாக்டரம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. அக்கா, "தம்பி, அது எதுக்கு இப்ப" என்று என் கையைப் பிடித்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அந்த மெசேஜே 'நீங்க கேட்டீங்களே தம்பி'ன்னுதான் ஆரம்பிச்சுது. இந்தம்மா டாக்டரையா தம்பின்னு கூப்பிடுவாங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிட்டது என் கதை. இரண்டு வருஷமாக நான் பத்திரமாக மூடி வைத்திருந்தது, முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இவங்க மேல எனக்கு ஒரு மாசம்தான் கோபம். அதுக்கப்புறம் அந்தக் கடிதம் வந்துச்சு, மன்னிப்புக் கேட்டு. நாலு பக்கம் எழுதியிருக்காங்க, உங்க பேர் ஒரு இடத்துல இல்லை. சரி, இன்னொருத்தர் எழுதுவாரு, அவரு எழுதட்டும், அப்புறம் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் போடுவோம்னு பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்." போத்தலை மேசையில் வைத்தார். "நானும் இவங்களை அவ்வளவு நாள் நிக்க வெச்சிருக்கக் கூடாது. அது என் தப்பு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடும்மா" என்று கையை நீட்டினார்.

காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தார். அட்டையைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். திறந்ததும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக எனக்கும் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாகக் கொடி மாதிரி இருந்த தபால்காரிக்கு, அக்கா வீட்டுக்காரரின் தொந்தி. நிற்கிற தோரணையும் வங்கி வாசலில் நிற்கிற தோரணைதான். முழங்கை எல்லாம் குழாய்க்கடையில் விற்கிற எல்போ வளைவு மாதிரி கச்சிதமாக மடங்கியிருந்தது.

"யாரும்மா இது? நல்லா சாப்பிடுற ஆளா இருக்காங்க."

"எங்க வீட்டுக்காரர்தாண்ணே. வேற ஆள் கிடைக்கலை" என்று அக்காவும் சிரித்துவிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆறாம் பக்கம் வரை அண்ணன் சிரித்தார். ஒன்பதாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவர் பக்கத்தைப் புரட்டும் வேகம் குறைந்தது. ஓரிடத்தில் மூன்று பக்கம் பின்னுக்குப் போய் எதையோ சரிபார்த்துவிட்டு வந்தார். விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் மேசையைச் சுற்றி ஒரு தீவை விட்டுவிட்டு மேலே போனார்கள். கூடத்தில் பாதி விளக்கை அணைத்தார்கள். அண்ணன் புத்தகத்தைப் பின்வாசல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார், நிமிரவில்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் புருவம் ஏறும், எந்த இடத்தில் மூச்சு நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்து பார்த்தார். படம் வரையத் தெரியாதவர் வரைந்த படம். ஆனால் எந்தத் திருப்பத்தை எங்கே மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எனக்கு அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அண்ணன் நின்றார். அந்தப் பக்கத்தில் தபால்காரி ஒரு மூடிய கதவுக்கு முன்னால் கடிதத்தோடு நிற்கிறாள். தட்டுவதற்காகக் கையை உயர்த்தியிருக்கிறாள். அந்தக் கை மட்டும் ஒரு குறையும் இல்லாமல், உயிரோடு இருந்தது. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டார்.

"இன்னும் நாலு பக்கம் இருக்குண்ணே" என்றார் அக்கா. "அஞ்சு நிமிஷம் இருக்கு. படிச்சிடுங்க."

"இல்லைம்மா. மீதியைக் கப்பல்ல படிச்சுக்கறேன்."

அக்காவின் முகம் வாடியது. இத்தனை மாசம் காலை ஐந்து மணிக்கு எழுந்தது அந்த நாலு பக்கத்துக்காகத்தானே. "நல்லா இல்லையா?" என்று கேட்டார், சின்னக் குரலில்.

அண்ணன் தலையை ஆட்டினார். "ஒன்பது மாசம்மா. மூணு வேளையும் ஆக்கிப் போட்டுட்டு வந்து படுத்தா, பாக்கிறதுக்குத் தண்ணியைத் தவிர ஒண்ணும் கிடையாது. இத்தனை வருஷமும் அந்தக் கடிதம் யாருக்கா இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே தூங்கினவன் நான். இந்த ரெண்டு வருஷமா எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. முடிவு போனதுகூடப் பெரிசில்லை. இதுதான் போச்சு." மூடிய புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். "இப்பக் கிடைச்சிருக்கு. இதை அஞ்சு நிமிஷத்துல தீர்த்துடச் சொல்றீங்களே?"

அக்காவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார்; துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷமாகத் தான் உடைத்தது ஒரு முடிவை என்று அவர் நினைத்திருந்தார். அவர் கட்டிக் கொடுத்ததோ அதைவிடப் பெரியது.

அண்ணன் பழுப்புக் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே சுற்றிப் பைக்குள் வைத்தார். "என்னைத் திரும்பக் குழுவில சேத்துவிடுங்க. ஆனா நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இவங்க ரெண்டு பேர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் அக்காவிடம்.

"ஒன்பது மாசமா?" என்று டாக்டரம்மா அலறினார்.

"அதுக்கு மேலயும் ஆகலாம். நான் மெதுவாத்தான் படிப்பேன்." போகும்போது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். சமையல்காரர் கை, இரண்டு நாள் வலித்தது. அதை மன்னிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவும் நானும் ஒரே பேருந்தில் வருகிறவர்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடி காலியாக இருந்தது. பழக்க தோஷத்தில் கை மட்டும் இன்னும் கட்டைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. முகம் அழுது வீங்கி, சிரிப்பும் அடங்காமல், ஒரு குழந்தை மாதிரி இருந்தார். கதவுக்குப் பின்னால் யார்? கடிதம் யாருக்கு? கேள்வி என் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் நின்றுகொண்டு குத்தியது. கேட்டால் சொல்லிவிடுவார். அக்காவுக்கு ஊரில் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியும், இன்ஜினீயரிடம்கூடத் தெரியும். நான் விடாமல் நச்சரித்தால் மட்டும் சொல்ல வராது. அன்றைக்கும் அதனால்தான் எழுதினார்.

"எனக்கு இங்க ஒரு வேலை இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"இங்கயா? உங்க நிறுத்தத்துக்கு இன்னும் ரெண்டு இருக்கே தம்பி."

"ஆமாக்கா" என்று இறங்கிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. பேருந்து திரும்பி மறையும் வரை நின்றிருந்துவிட்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.